இடுப்பு ஊசியும் ஒரு ரோஜா மாலையும்

"உங்களுக்குக் கோபம் அதிகம்" என்று பேராசிரியர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த கண்ணாடிச் சாடியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் பக்கம் நீட்டினார். ஊசி குத்திக்கொண்ட பிள்ளைகளின் அழுகையை நிறுத்துவதற்காக வைத்திருந்த மிட்டாய் அது. அதை அவர் முகத்திலேயே விட்டெறியாமல் எழுந்து வந்ததை இன்றுவரை என் பெரிய சாதனையாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைப் பற்றி அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதற்குப் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள், ஆராய்ச்சிக் கூட்டத்தில் பெற்றவர்களும் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பேராசிரியருக்கு வேறு வழியில்லாமல் போனது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகிச் சிரம்பானுக்கு வந்தவள். புருஷன் பஸ் டிரைவர். இப்படி ஒருத்தி மாதம் ஒருமுறை வந்து தலையாட்டிவிட்டு, டீயும் கறிபாப்பும் சாப்பிட்டுவிட்டுப் போவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயதில் அந்த நோய் வந்தது. அதே ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம் பார்த்தோம். ஒன்பது வயது முடிவதற்குள் போய்விட்டாள். நோய் கொண்டுபோனதற்கு நான் யாரையும் குற்றம் சொன்னதில்லை. நான் சண்டைக்கு நின்றது வேறு ஒன்றுக்காக.

இந்த நோய்க்கு இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள். வைத்தியத்துக்கு அது வேண்டும், சரி. அந்த ஊசிகளுக்குப் பிள்ளையைத் தூங்க வைப்பார்கள். ஆனால் நடுவில் ஒரு ஊசி உண்டு. அதற்குமட்டும் தோலை மரக்க வைத்துவிட்டு, பிள்ளை விழித்திருக்கும்போதே குத்துவார்கள். தாய்தான் காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மரத்துப்போவது தோல்தான், எலும்பு இல்லை. என் மகள் போட்ட சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டது என்று என் புருஷன் சொல்வார். அந்த ஊசி அவளுடைய வைத்தியத்துக்கானது இல்லை, ஆராய்ச்சிக்காக எடுத்தது என்பதை அவள் போன பிறகு ஒரு சின்ன டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் அதை ஒரு ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

ஆராய்ச்சியே கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஆராய்ச்சியால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று எனக்கும் தெரியும். பேராசிரியர் கெட்ட மனிதரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஊசியையும் தூங்க வைத்துக் குத்துங்கள். மயக்க மருந்து டாக்டர் கிடைப்பதில்லை, அறை கிடைப்பதில்லை, பார்க்கலாம், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று இழுத்தார்கள். நான் ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே கேட்டேன். கடைசியில் என் பதவிக்காலம் முடிந்துவிட்டது என்றார்கள். பதவிக்கு ஒரு காலம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"புதிதாக இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அமைதியானவர்கள். உங்கள் அனுபவத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றார் பேராசிரியர். மிட்டாய் நீட்டியது அப்போதுதான்.

வாங்கிக்கொள்ளவில்லையே தவிர, வேலையை ஒப்புக்கொண்டேன். நான் கேட்டதை இனி அந்த இரண்டு வாய்தான் கேட்க வேண்டும்.

அமைதியானவர்களில் ஒருத்தி சிரம்பான் வட்டிக்கடைக் குடும்பத்து ஆச்சி. மகளுக்குக் குணமாகிவிட்டது, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். இன்னொருத்தி சுவா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுபவள். என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கடைசியாகப் பிறந்த மகனுக்கு அப்போது வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அவன் அந்த இடுப்பு ஊசிக்குக் காத்திருந்தவர்களில் ஒருவன். அதனால் அவளுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

அக்காவின் லயத்து வரிசை வீட்டில்தான் பயிற்சி. ஆச்சி காரில் வந்து இறங்கி, சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினார். உட்கார்ந்ததும் கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டினார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. நான் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, நான்தான் பேராசிரியர், இப்போது என்னிடம் கேளுங்கள் என்றேன்.

அக்கா எழுந்து நின்றாள்.

"ஏன் நிக்கிறீங்க? ஒக்காந்து கேளுங்க."

"நீங்க டாக்டருன்னு சொன்னீங்களே" என்றாள்.

உட்கார வைத்தேன். பேச ஆரம்பித்தவுடன் மறுபடியும் எழுந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைக்கும் அளவுக்கு எனக்கு எரிச்சல். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்று ஒன்று உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் நிற்க, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். பேர் வந்ததும் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நம் பேச்சு. குறை இருந்தால் வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்ல வேண்டும். மண்டோர் கிராணியிடம் சொல்வார், கிராணி மனம் வைத்தால் தொரை காதுக்குப் போகும். தொரையிடம் நேராக வாய் திறந்தவர்களை அடுத்த வாரமே மேட்டுப் பக்கம் பால் குறைந்த மட்டமான மரங்களுக்குத் தள்ளிவிடுவார்கள். என் அம்மாவுக்கு எழுபதுகளில் அது நடந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததனால்தான் அக்கா எழுந்து நின்றபோது அவ்வளவு ஆத்திரம் வந்தது. நான் கஷ்டப்பட்டுக் கழற்றிப் போட்டதை அவள் இன்னும் உடுத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கேக்க வேண்டியது ஒண்ணுதான். அந்த ஊசிய தூங்க வச்சிப் போடுங்க. சொல்லுங்க."

"தூங்க வச்சிப் போட்டா நல்லாருக்கும்னு..."

"நல்லாருக்கும் இல்ல. போடுங்க. இல்லன்னா வேணாம். அது ஒங்க மகனோட வைத்தியத்துக்கு இல்ல, ஆராய்ச்சிக்கு. போடாட்டியும் வைத்தியம் நிக்காது."

"நிக்காதுன்னு நீங்க சொல்றீங்க" என்றாள் அக்கா, மெதுவாக.

ஆச்சி குறுக்கே வந்தார். "இவ்வளவு காரமாப் பேசுனா யாரு கேப்பா? மொதல்ல மரியாத, அப்புறம் பேச்சு. எங்க கடையில அப்படித்தான்."

"ஒங்க கடையில மரியாதைக்கு அப்புறம் வட்டி. அதையும் சொல்லுங்கலா" என்றேன். ஆச்சி அன்று டீயைத் தொடவில்லை. அக்காவின் மகன் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தான். என் மகளுடைய மரக் குதிரை ஒன்றை அவனுக்காகக் கொண்டுபோயிருந்தேன், அதை நீட்டினேன். அவன் கைநீட்டுவதற்குள் அக்கா வந்து வாங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். அப்புறம் விளையாடட்டும் என்றாள். அடுத்தடுத்து நான் போனபோதெல்லாம் அது அங்கேயேதான் இருந்தது.

கூட்ட நாள் வந்தது. எனக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரலாம், பேசக்கூடாது. ஆச்சி பட்டுச் சேலையில் வந்தார். பின்னால் அக்கா ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாம்பாளத்தில் ரோஜா மாலை, பொன்னாடை, எலுமிச்சம்பழம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாலையைப் பார்த்ததுமே ஊசி விஷயம் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தோட்டத்துக்கு யார் வந்தாலும் நாங்கள் இதைத்தான் செய்வோம். புதுத் தொரை வந்தால் மாலை, தேர்தலில் நிற்பவர் வந்தால் மாலை, தண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் குழாய் போடாமல் மறுவருஷம் வந்தாலும் மாலை. மாலை போட்டால் அவர் மனம் இளகும், நாம் கேட்டதைத் தட்டமாட்டார் என்று ஒரு நினைப்பு. இளகுவது நாம்தான். ஒருவர் கழுத்தில் மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, அதே வாயால் நீங்கள் செய்வது தப்பு என்று நம் ஆட்களால் சொல்லவே முடியாது.

பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. கழுத்தைக் குனித்துக் கொடுத்தார். சின்ன டாக்டர் ஓடிப்போய்க் கேமரா கொண்டுவந்தார். ஆச்சி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நடுவில் மாலையோடு பேராசிரியர். படம் எடுத்து முடிந்ததும் பிள்ளைகளின் பெற்றோரோடு இப்படி ஒரு நல்ல உறவு அமைந்ததற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். மிஸ்ஸி ஒருத்தி அதைத் தமிழில் அக்காவுக்குச் சொன்னாள். நாங்கள் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.

ஊசி விஷயம் வந்தது. பெற்றோர் தரப்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பேராசிரியர் கேட்டார். ஆச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் நல்லா பாத்துக்கிறீங்க டாக்டரு" என்றாள்.

நான் எழுந்தேன். பேராசிரியர் என்னைப் பார்க்காமலேயே, பேசுவதற்கு விதி இடம் கொடுக்காது என்றார். மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் மேசைமேல் விழுந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். ஊசி இருந்தபடியே இருந்தது.

ஆச்சி காரில் போய்விட்டார். நானும் அக்காவும் சிரம்பான் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஊர் எல்லை தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன்.

"தாம்பாளம் தூக்கத்தான் வந்தீங்களா அக்கா? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த கேக்க வாய் வரலியா?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாளைக்கு அவன் கால நீங்கதான் புடிக்கணும். அவன் கத்துவான். அப்ப நல்லா பாத்துக்கிறீங்க டாக்டருன்னு சொல்லுங்க."

அப்போது திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒங்க புள்ள போயிடுச்சி தங்கச்சி. நீங்க எது வேணா பேசலாம். எம்புள்ள அவங்க கையில இருக்கான். நான் எதுத்துப் பேசி, அவங்க கொஞ்சம் மொகம் சுளிச்சி, மருந்து ஒரு நாளு தள்ளிப் போச்சின்னா? நீங்க வந்து குடுப்பீங்களா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். சிரம்பானில் இறங்கியதும் அவள் தன் தோட்டத்துப் பக்கம் போகும் போர்டிக்சன் பஸ்ஸைத் தேடிப் போனாள், நான் வீட்டுக்கு நடந்தேன். போய்ச் சேரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன், சத்தமாகவே. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

இனி இந்த வேலை வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் முகத்துக்கு நேரே சொல்வதற்காக மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு இடுப்பு ஊசி போடும் நாள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. கூடம் நிறைய தாய்மார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், கம்போங் கிராமங்களிலிருந்து வந்த மலாய்க்காரிகள், இரண்டு மூன்று சீனத் தாய்மார்கள். மடியில் முடி கொட்டிய பிள்ளைகள். அக்கா மகனோடு நடு பெஞ்சில் இருந்தாள். ஆச்சியும் இருந்தார், மகளுக்கு அன்றைக்குத்தான் வருஷப் பரிசோதனையாம். நான் தூண் பக்கம் நின்றேன். யாரோடும் பேசும் மனநிலையில் இல்லை.

ஊசி அறைக் கதவு திறந்தது. மிஸ்ஸி முதல் பேரைக் கூப்பிட்டாள்.

யாரும் எழவில்லை.

காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடியும் கூப்பிட்டாள். அடுத்த பேரைக் கூப்பிட்டாள். அதற்கும் அடுத்தது. கூடத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. மிஸ்ஸிக்கு முகங்கள் தெரியும். நேரே ஒரு தாயின் முன்னால் போய் நின்று, "கூப்பிடறேன்ல, கேக்கலியா?" என்றாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மலாய்க்காரத் தாயிடம் மலாயில் கேட்டாள். அவளும் தரையைத்தான் பார்த்தாள். அக்காவின் மகன் பேரும் வந்தது. அக்கா அவன் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இதை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவை மேட்டு மரங்களுக்குத் தள்ளிய மறுநாள், லாபு தோட்டத்துப் பெரட்டில் இதேதான் நடந்தது. எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள். யாரும் வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை, கூச்சல் இல்லை, கொடி இல்லை. கிராணி பேர் கூப்பிட்டார், ஒரு குரலும் வரவில்லை. யார் ஆரம்பித்தது என்று தெரிந்தால்தானே ஒருத்தியைப் பிடித்துத் தண்டிக்க முடியும். அம்மாவுக்குப் பழைய மரங்கள் திரும்பக் கிடைத்தன. அக்கா எந்தெந்தத் தாயிடம் எப்போது பேசினாள், மலாய்க்காரிகளிடம் என்ன சொன்னாள், எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கக் கற்றுக்கொடுக்கப் போனவள். அவர்கள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பேராசிரியர் வெளியே வந்தார். கூடத்தைப் பார்த்தார், பிறகு தூணோரம் என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது உங்கள் வேலைதானே?" என்றார்.

"இல்லை" என்றேன். பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆசையாக இருந்தது. அந்தப் பெருமையை எனக்கே எடுத்துக்கொள்ள அவ்வளவு துடித்தேன்.

அவர் ஆச்சியின் பக்கம் திரும்பினார். மாலை போட்டவர் அல்லவா. என்ன நடக்கிறது என்று கேட்டார். ஆச்சி எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்தபடி, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், "தூங்க வைத்துப் போடுவதாக இருந்தால் எழுந்து வருவார்கள் டாக்டர்" என்றார். அவர் மகள் ஆராய்ச்சியில் இல்லை. அவருக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் சொன்னார். அதற்காக அவருடைய கைக்குட்டையை மன்னித்துவிட்டேன்.

அன்றைக்கு ஊசி போடவில்லை. பிள்ளைகளுக்கு மற்ற மருந்துகளைக் கொடுத்து அனுப்பினார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த முறை மயக்க மருந்து டாக்டர் கிடைத்தார். அறையும் கிடைத்தது. இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கும் இடத்தில் நான் இல்லை. பெற்றோரின் யோசனையை நாங்கள் உடனே ஏற்றுக்கொண்டோம் என்று பேராசிரியர் பல மேடைகளில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உடனேயாம்.

அந்த அடுத்த முறை நானும் போயிருந்தேன். பஸ்ஸில் பேசியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல நினைத்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளக்கூட நினைத்தேன். கூடத்தில் கண்டுபிடித்து, கையை நீட்டிக்கொண்டே அவளிடம் போனேன்.

அக்கா சட்டென்று மகனை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள்.

"தங்கச்சி, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க சொல்லித்தான் அந்த ஊசி எதுக்குன்னே தெரிஞ்சிது. ஆனா இனிமே எங்க கிட்ட வராதீங்க. ஒங்களப் பாக்கறப்பல்லாம் பயமா இருக்கு. எங்களுக்கும் அப்படி ஆயிடுமோன்னு." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் குதிரைய ஆச்சிகிட்ட குடுத்து விடறேன்" என்றாள்.

நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மிஸ்ஸி அவன் பேரைக் கூப்பிட்டாள். இந்த முறை அக்கா குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள், கதவு சாத்திக்கொண்டது.

நான் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தபோது அவன் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான், வாயோரம் எச்சில் ஒழுக. என் மகளுக்குக் கிடைக்காமல் போனது அந்தத் தூக்கம்தான். அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்வரை, அந்தக் கொஞ்ச நேரம், அந்தப் பிள்ளையையும் நான் வெறுத்தேன்.